சிங்கப்பூர்ப் பொருளியல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கல்லூரி மாணவர், ஜூரோங்): சிங்கப்பூரின் மொத்த வர்த்தகம் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் மூன்று மடங்கு என்கிறார்கள். உற்பத்தி செய்வதைவிட அதிகமாக எப்படி விற்க முடியும்?

பதில்: இரண்டும் வெவ்வேறு கணக்குகள். வர்த்தகக் கணக்கில் ஒரு பொருளின் முழு விலையும் உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என்று இரண்டு முறை ஏறுகிறது. உற்பத்திக் கணக்கிலோ இங்கே கூடுதலாகச் சேர்ந்த மதிப்பு மட்டும் ஏறுகிறது. 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) இறக்குமதியான ஒரு மின்னணுப் பாகம் இங்கே சோதிக்கப்பட்டு 110 வெள்ளிக்கு ஏற்றுமதியானால் வர்த்தகம் 210 வெள்ளி, உற்பத்தி 10 வெள்ளி. நம் சரக்கு ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இப்படி வந்து திரும்பிப் போகும் மறுஏற்றுமதிதான். ஆகவே அந்த மூன்று மடங்கைச் செல்வத்தின் அளவாகக் கொள்ளக் கூடாது. வெளியே தேவை குறைந்தால் நமக்கு எவ்வளவு விரைவில் அடி விழும் என்பதையே அது காட்டுகிறது. 2020இல் ஏறத்தாழ 4 விழுக்காடு சுருங்கிய பொருளியல், உலகம் மீண்டதும் அடுத்த ஆண்டே 9 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது.

கேள்வி (இல்லத்தரசி, ஈசூன்): அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தினால் எங்கள் வீட்டுக் கடன் தவணை ஏன் உயர வேண்டும்? நம் நாணய ஆணையம் வட்டியைக் கட்டுப்படுத்தக் கூடாதா?

பதில்: பலருக்கும் உள்ள ஆதங்கம் இது; இதைப் புரிந்துகொண்டால் நம் பொருளியலின் அமைப்பே புரிந்துவிடும். மூலதனம் தங்குதடையின்றி வந்துபோகும் ஒரு நாடு, வட்டி விகிதம், நாணய மாற்று விகிதம் ஆகிய இரண்டையும் ஒருங்கே தன் கைக்குள் வைத்திருக்க இயலாது. சிங்கப்பூர் 1981 முதல் மாற்று விகிதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. முக்கிய வர்த்தகப் பங்காளிகளின் நாணயத் தொகுப்புக்கு எதிராக வெள்ளியின் மதிப்பு ஒரு வரம்புக்குள் ஏறி இறங்குமாறு ஆணையம் பார்த்துக்கொள்கிறது. அந்த வரம்பு எவ்வளவு என்பது வெளியிடப்படுவதில்லை.

காரணம் எளியது. அரிசி, எரிவாயு, மருந்து, இயந்திரம் என்று ஏறக்குறைய எல்லாமே இறக்குமதியாகும் ஊரில் விலைவாசியைத் தீர்மானிப்பது வட்டியைவிட வெள்ளியின் மதிப்புதான். 2021 அக்டோபருக்கும் 2022 அக்டோபருக்கும் இடையே ஆணையம் வெள்ளி வலுப்பெறும் வகையில் கொள்கையை ஐந்து முறை இறுக்கியிராவிட்டால், அப்போது உலகெங்கும் ஏறிய விலை இங்கே இன்னும் கடுமையாக உறைத்திருக்கும். அதற்கு நாம் கொடுக்கும் விலையே, வட்டியைப் பெரும்பாலும் வெளிச்சந்தை தீர்மானிப்பது. வங்கிக் கடன் சந்தையோடு ஏறி இறங்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வழங்கும் கடனோ, ஊழியரும் முதலாளியும் செலுத்தும் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கு தரும் 2.5 விழுக்காட்டு வட்டியோடு 0.1 சேர்த்து 2.6 விழுக்காட்டில் நிற்கிறது. ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாத குடும்பங்கள், தவணை சில ஆண்டுகளுக்குக் குறைவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வங்கிக்கு மாறுவது சரியான முடிவன்று என்றே கருதுகிறேன். ஒருமுறை மாறியபின் வீவக கடனுக்குத் திரும்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (சிறு ஏற்றுமதி நிறுவன உரிமையாளர்): வெள்ளியின் மதிப்பைக் குறைத்தால் எங்கள் பொருள் மலிவாகி விற்பனை கூடுமே?

பதில்: சிறிது காலத்திற்கு மட்டும். உங்கள் மூலப்பொருளும் இறக்குமதிதான் என்பதால் செலவும் உடனே ஏறும். 1985இன் மந்தநிலையை அடுத்து அரசாங்கம் நாணய மதிப்பைப் பெரிதாக வெட்டாமல், நிறுவனங்களின் செலவைக் குறைக்க மத்திய சேமநிதியில் முதலாளிகளின் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குக் குறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சுமை தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பின் மீது விழுந்ததை மறந்துவிட்டு அம்முடிவைப் புகழ்வது நியாயமாகாது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): அமெரிக்காவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருந்தும் நமக்கு ஏன் வரி விதித்தார்கள்?

பதில்: அந்த ஒப்பந்தம் 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, சரக்கு வர்த்தகத்தில் உபரியும் அமெரிக்காவின் பக்கமே. அப்படியிருந்தும் 2025 ஏப்ரலில் 10 விழுக்காட்டு அடிப்படை வரி விதிக்கப்பட்டது. விகிதத்தைவிட என்னைக் கவலைப்பட வைப்பது, கையெழுத்திட்ட ஒப்பந்தம் பாதுகாக்கவில்லை என்பதுதான். பெரிய நாடு உள்நாட்டுச் சந்தையை நம்பிப் பதிலடி கொடுக்கலாம். 60 இலட்சம் பேர் வாழும் நமக்கு அந்த வசதி இல்லை. எல்லாருக்கும் பொதுவான விதிமுறைகளே நமக்குக் கவசம். ஒத்த கருத்துள்ள நாடுகளோடு புதிய உடன்பாடுகளைச் செய்துகொள்ளலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அவை அமெரிக்கச் சந்தைக்கு முழு ஈடாகும் என்று நான் நம்பவில்லை.

கேள்வி (உணவங்காடிக் கடைக்காரர்): 2022இல் கோழி கிடைக்காமல் திண்டாடினோம். மீண்டும் நடக்குமா?

பதில்: நடக்கலாம். அவ்வாண்டு ஜூன் 1 முதல் மலேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது, நம் கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் உயிருடன் பாலம் கடந்து வந்து இங்கே வெட்டப்பட்டது. மாதம் முடிவதற்குள் இந்தோனீசியாவிலிருந்து இறக்குமதி செய்ய ஒப்புதல் தரப்பட்டது. உறைந்த கோழியை ஏற்கும் வாடிக்கையாளர்களும் ஒருவகைக் காப்பீடுதான்.

கேள்வி (துறைமுக ஊழியர், துவாஸ்): 2024இல் 4 கோடியே 11 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டோம். இந்த இடத்தை யாரும் பறிக்க முடியுமா?

பதில்: முடியும். இருபதடி அளவில் கணக்கிடப்படும் அக்கொள்கலன்களில் பெரும்பாலானவை கப்பல் மாறிப் போவதற்காக வந்தவை. அவை சிங்கப்பூரில்தான் மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெர்ஸ்க் நிறுவனம் 2000இல் ஜொகூரின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்திற்கு மாறியது. ஈராண்டில் எவர்கிரீனும் பின்தொடர்ந்தது. 2040களில் நிறைவடையும்போது ஆண்டுக்கு 6.5 கோடிக் கொள்கலன்களைக் கையாளக்கூடிய துவாஸ் துறைமுகத்தைக் கட்டுவதற்கான காரணத்தை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் வேலையின் தன்மை தானியக்கத்தால் மாறும். அதற்கான பயிற்சியை நிர்வாகத்திடம் இப்போதே கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி (கணக்காய்வாளர்): பன்னாட்டு நிறுவனங்களுக்கு 15 விழுக்காட்டுக் குறைந்தபட்ச வரி வந்துவிட்டதே, இனி முதலீடு வருமா?

பதில்: 2025 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த அந்த வரி, சலுகை காட்டி ஈர்க்கும் வழியைக் குறுக்கியிருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய தடை ஆள்பலம்தான். குழந்தைப் பிறப்பு விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) 2023இல் 0.97க்கு இறங்கிவிட்டது. வெளிநாட்டு ஊழியர் இல்லாமல் ஆலைகளும் மருத்துவமனைகளும் இயங்கா. அவர்களை வரையறையின்றிச் சேர்த்தால் வீட்டு வாடகையும் நெரிசலும் மக்களின் பொறுமையைச் சோதிக்கும். இதற்கு முழுமையான தீர்வு யாரிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (முதலில் கேட்ட மாணவரே): பொருளியலின் போக்கை அறிய எந்த ஒரு புள்ளிவிவரத்தைப் பார்க்கலாம்?

பதில்: மாதந்தோறும் வெளியாகும் எண்ணெய் சாரா உள்நாட்டு ஏற்றுமதியை, அதாவது மறுஏற்றுமதி சேராமல் இங்கேயே உருவாகி வெளியே போகும் எண்ணெய் அல்லாத பொருள்களின் கணக்கைப் பாருங்கள். ஒரு மாத எண்ணைக் கண்டு மகிழவோ அஞ்சவோ வேண்டாம். ஓரிரு மருந்தாலைகளின் உற்பத்தி மாற்றமே அதைப் புரட்டிவிடும். மூன்று மாதச் சராசரியை எடுத்து, அதில் மின்னணுப் பொருள்களைத் தனியே பிரித்து, எந்த நாட்டிற்குப் போனது என்பதையும் குறித்துவாருங்கள்.