பன்றி வயலுக்கே வரும்போது

வணக்கம் ஐயா,

முல்லைத்தீவு ஒட்டுசுட்டானுக்கு உள்பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு துவக்கும் இருக்கு. மாதத்தில் இரண்டு தரம் ஐந்து பேர் செட்டாகக் காட்டுக்குப் போவோம், மூன்று இரவு தங்கல். இப்ப மனிசி முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை. மகன் இந்த முறை புலமைப்பரிசில் சோதனை எடுக்கிறான், மகள் சின்னவள். குடும்பத்தைப் பார்க்காதவன் என்று மாமியும் சொல்லிப்போட்டா. இறைச்சி வீட்டுக்குத்தானே வருது? வேட்டையை விட மனமில்லை. இரண்டையும் எப்பிடிக் கொண்டுபோறது?

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த இறைச்சிக் கணக்கைப் பார்ப்போம். 50 கிலோப் பன்றி ஒன்றை வெட்டித் துப்புரவாக்கினால் 30 கிலோ அளவில் நிற்கும். ஐந்து பங்கு போட்டால் ஆளுக்கு 6 கிலோ. அதற்கு நீங்கள் கொடுப்பது மூன்று நாள் கூலி, தோட்டா, பெற்றோல், சாப்பாட்டுச் சாமான், திரும்பி வந்து நித்திரையில் போகிற நாலாம் நாள். வெறுங்கையோடு வருகிற தரங்களையும் சேர்த்துக் கூட்டினால், இறைச்சிக்காகப் போகிறேன் என்ற பேச்சை உங்கள் மனிசி நம்பாததில் பிழையில்லை. நீங்கள் போவது காட்டுக்காகவும் செட்டுக்காகவும். அதை அப்படியே சொல்லிவிடுங்கள். செட்டோடு சாராயமும் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்தது சட்டம். வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் இருக்கிறது. மான், மரை, உக்குளான், அழுங்கு எல்லாம் அதன் காவலில் உள்ளவை. காட்டுப்பன்றிக்கு அந்தக் காவல் இல்லை. ஆனால் அரசு காவலில் வைத்திருக்கிற ஒதுக்குக் காட்டுக்குள் பன்றியானாலும் துவக்கால் வெடி வைக்க முடியாது. ஒட்டுசுட்டானில் இருந்து மூன்று இரவு தங்குகிற தூரம் போனால் நீங்கள் நிற்பது ஒதுக்குக் காட்டில்தான். பயிரைக் காக்கத் தந்த துவக்கோடு அங்கே பிடிபட்டால் துவக்கு போகும், அனுமதிப்பத்திரமும் போகும், மோட்டார் சைக்கிள் வழக்கு முடியும்வரை பொலிஸில் நிற்கும். வழக்குத் தவணைக்கு அலைவதும் பிணைக்கு ஆள் தேடுவதும் மனிசியின் தலையில் விழும். முல்லைத்தீவில் மிதிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். சிவப்புப் பலகை விழுந்து கிடந்தாலும் அதற்கு அப்பால் இருப்பது அதே நிலம்தான்.

சரி, வேட்டையை விடச் சொல்கிறேனா? இல்லை. நீங்கள் பன்றியைத் தேடிப் போகிறீர்கள், அதுவோ உங்கள் வயலுக்கு வருகிறது. துவக்கு எதற்குத் தரப்பட்டதோ அந்த வேலையைச் செய்யுங்கள்.

ஐப்பசி தொடக்கத்தில் விதைத்த மூன்றரை மாத நெல் மார்கழி நடுவில் பூத்துப் பால் கட்டும். பன்றிக்கு அந்தப் பால் கதிரில்தான் கண். அதிலிருந்து அறுவடை வரை 30 இரவு காவல் வேண்டும். பக்கத்து வயல்காரர் மூவரைச் சேர்த்து முறை போட்டால் உங்கள் பங்கு ஏழு எட்டு இரவு. இப்போது மாதத்துக்கு ஆறு இரவு வெளியில் நிற்கிறீர்கள், வருடம் முழுக்க. காவல் முறையில் காலபோகத்துக்கு, அதாவது இந்த மாரி நெல்லுக்கு, ஒரு மாதம், மேட்டுக்காணியில் கச்சான் (நிலக்கடலை) போட்டால் காய் முற்றுகிற மூன்று நாலு வாரம், அவ்வளவுதான். அந்த இரவுகளிலும் போன் எடுத்தால் கேட்கும் தூரத்தில் இருப்பீர்கள். விடிய ஆறு மணிக்கு வீட்டில் நின்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிவிட்டுப் படுக்கலாம்.

காவலையும் ஒழுங்காகச் செய்யவேண்டும். பன்றி பெரும்பாலும் ஒரே கடவையால்தான் வரும். வரம்பில் அடி பார்த்து, சேற்றில் புரண்ட இடம் பார்த்துக் கடவையைப் பிடியுங்கள். அந்த மாதங்களில் வாடை அடிக்கும், அதாவது வடகிழக்கிலிருந்து. ஆகவே கொட்டில் கடவைக்குத் தென்மேற்கே இருக்கட்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் பீடி மணமும் நுளம்புத்திரி மணமும் உங்களுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும், பிறகு விடியும்வரை இருந்தும் பலனில்லை. யானை வருகிற பக்கமென்றால் தரைக்கொட்டில் வேண்டாம், உறுதியான மரத்தில் பரண் கட்டுங்கள். உப்பு, நெல், பழம் ஒன்றும் அங்கே வைக்கக்கூடாது.

வெடியை 30 மீற்றருக்குள், ரோச் அடித்து உருவத்தை முழுதாகக் கண்டபிறகு வையுங்கள். பத்தை அசைந்ததற்கும் சத்தம் கேட்டதற்கும் வைக்கவே கூடாது. முறை மாற்ற வருகிற ஆள் தூரத்திலேயே குரல் கொடுத்து, ரோச் எரிய வரவேண்டும். அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரில்தான், ஆகவே உங்கள் முறை இல்லாத இரவில் துவக்கை மற்றவர் கையில் கொடுக்காதீர்கள். அவர்கள் தகரம் தட்டி, தீ மூட்டிக் காக்கட்டும். கட்டுத்துவக்கும் (கயிறு இடறினால் தானே வெடிப்பது) வெங்காய வெடியும் (இரைக்குள் வைத்துக் கடிக்கும்போது வெடிப்பது) வேண்டாம் என்று நால்வரும் முதலே பேசிக்கொள்ளுங்கள். கட்டுத்துவக்கில் மாடு தேடிப் போனவனின் கால் போகும், வெடியை யானைக்கன்று கடித்தால் வாய் கிழிந்து பட்டினி கிடந்து சாகும்.

பாம்பு கடித்தால் கீறவும் கட்டவும் வேண்டாம். காலை அசைக்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இது மனிசிக்கும் தெரிந்திருக்கட்டும்.

மனிசியோடு பேசும்போது எத்தனை இரவு என்று பேரம் பேசாதீர்கள். எந்தக் கிழமை உங்கள் முறை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அன்றைக்கு ரியூசனுக்கு யார் கூட்டிப்போவது, தண்ணீர் யார் அள்ளுவது என்று எழுதிக் கலண்டரில் ஒட்டுங்கள். சொன்ன மணிக்கு வந்து நில்லுங்கள், பன்றி காலடியில் நின்றாலும் சரி. பத்து மணி என்றுவிட்டுப் பின்னேரம் வந்தால், அடுத்த முறை நீங்கள் வெளிக்கிடும்போதே சண்டை தொடங்கிவிடும். புலமைப்பரிசிலுக்கு முந்திய மாதம் உங்கள் முறையை இன்னொருவருடன் மாற்றிக்கொள்ளுங்கள்.

காடு பார்க்கும் ஆசைக்கு ஆனி ஆடியில் பாலைப்பழக் காலம் இருக்கிறது. துவக்கை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு முத்தையன்கட்டுக் குளப்பக்கம் பகலில் போய்வாருங்கள். பழத்துக்குக் கரடியும் வரும், ஆகவே நாலு மணிக்கு முன்னம் திரும்பிவிட வேண்டும்.

இந்த முறை விதைப்புத் திகதி குறிக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்பே அந்த மூன்று வயல்காரரோடும் கதைத்துவிடுங்கள். விதைத்தபிறகு கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாட்டு வரும்.