ஏப்ரலில் டிரெபா, அம்மாவின் முழங்கால்

முழங்கால் வலியுள்ள அம்மாவை ஏப்ரலில் இங்கிலாந்தில், கார்ன்வாலின் டிரெபா தோட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் கடற்கரைவரை இறங்க வேண்டாம். தோட்டமே ஒரு பள்ளத்தாக்கு. முழங்கால் வலிக்காரர்களை ஏற்றத்தைவிட இறக்கம்தான் அதிகம் படுத்தும். மேலே தோட்டத்து வீட்டுப் பக்கம் நின்றாலே பள்ளம் முழுக்கத் தெரியும். ரோடோடென்ட்ரான் பூச்செடிகள் பூத்திருக்கும் பருவம் வேறு. மரப்பெரணிகளை மட்டும் கிட்டே போய்ப் பாருங்கள்: தண்டெல்லாம் பழுப்பு நார், உச்சியில் சுருண்ட இளங்குருத்து.

அப்புறம், நீங்கள் படத்தில் பார்த்த, ஆளை மறைக்கும் குன்னெரா செடியின் ராட்சத இலைகள் அப்போது இருக்காது. குளிரில் பட்டுப்போய், வசந்தத்தில்தான் துளிர்விடத் தொடங்கும், பெரிதாகக் கோடையாகிவிடும். அதுதான் முக்கியம் என்றால் பயணத்தை ஜூலைக்குத் தள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஏப்ரல்தான்.