எம்.பி.யின் தேர்தல் பணம் எங்கிருந்து வந்தது? மூன்று காகிதங்களை அருகருகே வைத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தொகுதி எம்.பி.யை அவர் பேரூராட்சிக் கவுன்சிலராக இருந்த நாளிலிருந்து தெரியும். என் மளிகைக் கடையில்தான் கணக்கு வைத்திருந்தார். அப்புறம் எம்.எல்.ஏ. ஆனார், 2024-இல் எம்.பி.யும் ஆகிவிட்டார். அந்தத் தேர்தலில் எங்கள் ஊரில் மட்டும் எவ்வளவு செலவானது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அவர் காட்டிய கணக்கு எவ்வளவு, அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள், இத்தனை வருடத்தில் அவர் சொத்து எப்படி வளர்ந்தது என்பதை ஒரு சாதாரண வாக்காளர் தெரிந்துகொள்ள முடியுமா? வக்கீல் வைக்க வேண்டுமா? (கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முடியும் ஐயா. வக்கீல் தேவையில்லை. ஒரு இணைய இணைப்பும், ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நடையும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். நான் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்தவன். சில தேர்தல்களில், வேட்பாளர்களின் செலவைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளருக்கு உதவியாக உட்கார்ந்து வேட்பாளர்களின் நோட்டுகளைச் சரிபார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் ஒரே காகிதத்தில் கிடைக்காது. வேட்பாளரின் பிரமாணப் பத்திரம், அவருடைய தேர்தல் செலவுக் கணக்கு, அவருடைய கட்சி தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கும் கணக்கு என்று மூன்று இருக்கின்றன. ஒன்றை மட்டும் படித்தால் எல்லாம் சுத்தமாக இருப்பதுபோலத் தெரியும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எங்கே இடிக்கிறது என்று புரியும்.

முதலில் பிரமாணப் பத்திரம். வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 இது. உச்ச நீதிமன்றம் 2002-இலும் 2003-இலும் கொடுத்த தீர்ப்புகளுக்குப் பிறகுதான் வேட்பாளரின் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் வாக்காளர் பார்வைக்கு வந்தன. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதி, பெயர் போட்டுத் தேடினால் கையெழுத்து, நோட்டரி முத்திரையோடு ஸ்கேன் செய்த பக்கங்கள் அப்படியே கிடைக்கும். ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் நடத்தும் மைநேதா தளத்தில் பழைய தேர்தல்களின் விவரமும் தொகுத்து இருக்கிறது.

உங்கள் எம்.பி. எம்.எல்.ஏ.வாக நின்றபோது கொடுத்த பத்திரத்தையும் 2024-இல் கொடுத்ததையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலர் காலத்துப் பத்திரம் மட்டும் இந்தத் தளத்தில் இருக்காது. உள்ளாட்சித் தேர்தல் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு என்பதால் அங்கேதான் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு எழுதிப் போடுங்கள்.

கையில் வந்ததும் கடைசிப் பக்கத்து மொத்தத் தொகைக்கு ஓடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், ‘5 மடங்கு உயர்வு’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். தாத்தா நிலத்தின் சந்தை மதிப்பு ஏறினாலே, தங்கம் விலை ஏறினாலே மொத்தம் ஏறும். அதில் தப்பொன்றும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அசையாச் சொத்தில் பரம்பரையாக வந்தது எது, தானே வாங்கியது எது என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். தானே வாங்கியதற்கு வாங்கிய தேதியும் விலையும் இருக்கும். முதல் பக்கங்களில் கடைசி 5 ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் இருக்கும். ஐந்து வருட வருமானத்தைக் கூட்டி, அதே ஐந்து வருடத்தில் வாங்கிய சொத்தின் விலையைக் கூட்டி, பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் கடன் பகுதியைப் பாருங்கள். கடன் வாங்கி வாங்கியிருந்தால் அங்கே தெரியும். மனைவி பெயரிலுள்ள பத்தியை மறக்க வேண்டாம். கணவர் மனைவிக்குக் கடன் கொடுத்தது, மனைவி ஒரு நிறுவனத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்தது என்றெல்லாம் அங்கேதான் வரும்.

இந்தப் பத்திரம் வெறும் சடங்கு இல்லை. பொய்யாக எழுதினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் உண்டு. தேனித் தொகுதியில் 2019-இல் வென்ற ரவீந்திரநாத்தின் வெற்றி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது, பத்திரத்தில் சொத்து விவரங்களை மறைத்தார் என்பதற்காகத்தான். உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் வழக்குப் போட்டவர் எதிர்த்து நின்ற வேட்பாளர் அல்ல, அந்தத் தொகுதியின் வாக்காளர் ஒருவர். உங்களைப் போன்ற ஆள்தான்! அதே சமயம், வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் வேட்பாளர் எழுதியே தீர வேண்டியதில்லை, மதிப்புள்ளதாகவோ வாழ்க்கைமுறையைக் காட்டுவதாகவோ இருந்தால் எழுத வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு அருணாசலப் பிரதேச வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒரு பழைய பைக் விட்டுப்போனதைப் பிடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

அடுத்தது செலவுக் கணக்கு. உங்கள் கேள்வியின் மையம் இதுதான், எனக்கு நன்றாகத் தெரிந்த இடமும் இதுதான்.

தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. 2022 ஜனவரியில் 70 லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். 2024-இல் மாநிலத்தில் 6 கோடியே 23 லட்சம் வாக்காளர்கள், 39 தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக 16 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 6 ரூபாய்தான் வரும். ஒரு டீக்குக்கூடப் பற்றாது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஜீப், மைக் செட், நோட்டீஸ், பூத் செலவு எல்லாம் இதற்குள் முடிந்தது என்றுதான் ஜெயித்தவரும் தோற்றவரும் எழுதிக் கொடுக்கிறார்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததும் காகிதத்தில் இருப்பதும் ஏன் பொருந்துவதில்லை என்பது இங்கேயே பாதி புரிந்துவிடும்.

வேட்பாளர் மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். தேர்தல் அலுவலகம் அவருக்கு ஒரு நோட்டுத் தரும். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்புத் தாளில் ரொக்கம், மஞ்சள் தாளில் வங்கி வரவு செலவு. ஒரே ஆளுக்கோ நிறுவனத்துக்கோ தேர்தல் முடிகிற வரை மொத்தமாக 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, செக்கோ வங்கிப் பரிமாற்றமோதான். பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

அந்த மேசையில் உட்கார்ந்த ஒரு மதியம் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வேட்பாளரின் ஏஜென்ட் நோட்டைத் திறந்து வைத்தார். வெள்ளைத் தாளில் ஒரு பொதுக்கூட்டத்துக்கு ‘நாற்காலி 300, டீ 300’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது. நாங்கள் பக்கத்தில் எங்கள் பதிவேட்டைத் திறந்தோம். நிழல் பதிவேடு என்போம், வேட்பாளர் எழுதுவதை நம்பி இருக்காமல் அலுவலகமே தனியாக வைத்திருப்பது. வீடியோ குழு எடுத்த படத்தை நிறுத்தி நிறுத்தி ஒருவர் எண்ணினார். ஒரு வரிசைக்கு 30 நாற்காலி, 42 வரிசை. ஏஜென்ட் தம்பி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு, “பின்னாடி இருக்கறது மண்டபத்துக்காரரோட நாற்காலிங்க சார், வாடகை இல்லை” என்றார். வாடகை இல்லாவிட்டாலும் விலைப்பட்டியல்படி மதிப்புப் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லி, விட்டுப்போனதைச் சேர்த்தோம். டீ, சாப்பாடு, நாற்காலி, பந்தல், வண்டி வாடகை ஒவ்வொன்றுக்கும் மாவட்டத்தில் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசி முன்கூட்டியே விலை நிர்ணயித்திருப்பார்கள். ஆக, அந்தக் கணக்கில் நேர்மையாக எழுதியதும் இருக்கும், எங்களைப் போன்றவர்கள் வற்புறுத்திச் சேர்த்ததும் இருக்கும்.

முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இந்தக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது உங்கள் மாவட்ட ஆட்சியரிடம், கொடுத்தாக வேண்டும். 2024-இல் ஜூன் 4 முடிவு, ஜூலை 4 கெடு. தக்க காரணமின்றிக் கொடுக்காவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி ஆணையம் மூன்று ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். உத்தரப் பிரதேசத்தில் உம்லேஷ் யாதவ் என்ற எம்.எல்.ஏ.வை 2011-இல் தகுதிநீக்கம் செய்தார்கள். செய்தி போல வந்த விளம்பரத்துக்கான பணத்தைக் கணக்கில் காட்டாததுதான் குற்றம்.

யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்கான இடம் இந்தக் கணக்கின் சுருக்க அறிக்கைக்குள் இருக்கிறது. சொந்தப் பணம் எவ்வளவு, கட்சி கொடுத்தது எவ்வளவு, தனி ஆட்களும் நிறுவனங்களும் நன்கொடையாகவோ கடனாகவோ கொடுத்தது எவ்வளவு என்று மூன்று தனி அட்டவணைகள். நம் ஊரில் காதுகுத்துக்கு வந்த 501 ரூபாய்க்கே மொய் நோட்டு உண்டு. மூன்றாவது அட்டவணையை வேட்பாளரின் மொய் நோட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யார் காண்ட்ராக்டர், யார் குவாரி நடத்துகிறவர் என்று எந்த அதிகாரியையும்விட ஊர்க்காரரான உங்களுக்குத்தான் தெரியும். அட்டவணை காலியாக இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். முழுக்கச் சொந்தப் பணம் என்று எழுதியிருந்தால், பிரமாணப் பத்திரத்தில் அவர் காட்டிய கையிருப்பும் வங்கி இருப்பும் அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

இனி மூன்றாவது காகிதம், கட்சியின் கணக்கு. வேட்பாளருக்குத்தான் உச்சவரம்பு, கட்சிக்குக் கிடையாது. கட்சி தன் வேட்பாளருக்காகச் செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் கன்வர்லால் குப்தா வழக்கில் தீர்ப்பளித்தது. மை காய்வதற்குள் சட்டத்தைத் திருத்தி அதைச் செல்லாமல் ஆக்கினார்கள். 2003-இல் அந்த ஓட்டையைச் சற்றுச் சுருக்கினாலும், நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும், வேட்பாளர் பெயர் சொல்லாமல் கட்சிக்குப் பொதுவாகச் செய்யும் பிரச்சாரமும் இன்றும் வெளியேதான் நிற்கின்றன. என்னைக் கேட்டால், நம் தேர்தல் சட்டத்திலேயே மிகப் பெரிய அநியாயம் இதுதான். முன்வாசலில் பூட்டு, கொல்லைப்புறம் திறந்தே கிடக்கிறது.

மக்களவைத் தேர்தல் முடிந்து 90 நாளுக்குள் கட்சி தன் செலவு அறிக்கையை ஆணையத்துக்குத் தர வேண்டும். எந்த வேட்பாளருக்கு எவ்வளவு மொத்தமாகக் கொடுத்தது என்பது அதில் பெயரோடு இருக்கும். உங்கள் எம்.பி. ‘கட்சி கொடுத்தது’ என்று எழுதிய தொகையும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த அறிக்கையில் என்னவெல்லாம் கிடைக்கும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2019 தேர்தலில் தி.மு.க. தன் கூட்டணியிலிருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும், மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும், கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடியும் கொடுத்தது வெளியே தெரிந்தது இப்படித்தான்.

கட்சிக்கு வருகிற பணத்தில், ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஆணையத்தின் தளத்தில் உண்டு. 2018 முதல் 2024 வரை, வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரங்கள் இருந்ததால் பெரிய பணம் பெயரில்லாமல் வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்து, யார் வாங்கினார்கள், எந்தக் கட்சிக்குப் போனது என்பதை வெளியிட வைத்தது. கோயம்புத்தூரோடு தொடர்புடைய ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கி நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாக தி.மு.க. தெரிவித்திருந்தது. அந்தப் பட்டியலும் ஆணையத்தின் தளத்திலேயே கிடக்கிறது. இப்போது பெரிய நிறுவனங்கள், நன்கொடை திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகக் கொடுக்கின்றன, அவற்றின் ஆண்டறிக்கையையும் அங்கேயே பார்க்கலாம்.

அவருடைய அரசியல் வாழ்க்கையை முழுதாகப் பார்க்க ஆசைப்பட்டால் இன்னொன்றும் செய்யலாம். மக்களவையின் இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் கேட்ட கேள்விகள் தேதியோடு இருக்கின்றன. பிரமாணப் பத்திரத்தில் அவர் பங்கு வைத்திருப்பதாகக் காட்டிய தொழில்களும், அவர் கேள்வி கேட்ட துறைகளும் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பாருங்கள். ஒட்டினால் உடனே குற்றம் என்று அர்த்தமில்லை, பனியன் தொழில் நடத்துகிறவர் பனியன் தொழிலாளருக்காகவும் பேசலாம். ஆனால் கேள்விக்குப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்த நாடு இது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வீடு கவரில் கொடுத்த பணத்தை இந்த மூன்று காகிதத்திலும் தேடாதீர்கள், இருக்காது. 2019-இல் வேலூரில் கோடிக்கணக்கான ரூபாய் பிடிபட்டு, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தேர்தலே ரத்தானது. அதைப் பிடித்தது சோதனை, எந்த நோட்டிலும் அது இல்லை. கவர் கொடுப்பதைப் பார்த்தால் அந்த நேரத்திலேயே ஆணையத்தின் சி-விஜில் என்ற புகார்ச் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பினால்தான் பறக்கும் படை வரும். தேர்தல் செல்லாது என்று வழக்குப் போடவும் முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள்தான் அவகாசம். 2024 தேர்தலுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. வக்கீல் அந்த வழக்குக்குத்தான் வேண்டும், கணக்கைப் பார்ப்பதற்கு அல்ல.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஆட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவுக்கு ஒரு வேலை நாளில் காலையிலேயே போங்கள். தேர்தல் நடத்தை விதிகள் 1961, விதி 88-இன் கீழ் இன்ன வேட்பாளரின் செலவுக் கணக்கைப் பார்வையிடவும் நகல் பெறவும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கட்டணம் சிறிதுதான். “வெப்சைட்டிலேயே இருக்கே” என்று சொன்னால், சுருக்கம் மட்டும் போதாது, வவுச்சர்களோடு முழுக் கணக்கும் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் ஊர் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கே கூட்டம் நடந்த தேதி, நாற்காலி, வண்டி, சாப்பாடு எல்லாம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்த உங்களைவிட நன்றாகச் சரிபார்க்க யாராலும் முடியாது. நகல் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள். மொய் நோட்டு அட்டவணையை மட்டும் ஒரு படம் எடுத்து இணைத்தால் போதும், உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.