மாரியில் வெடிக்கும் முந்திரிகை

மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில் புரட்டாதியில் கத்தரித்த முந்திரிகைக் (திராட்சை) கொடி, பழுக்கிற நேரம் மாரி மழையில் பழம் வெடிக்கிறது, காயாகவே பறிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முந்திரிகை வாழைக்குலை மாதிரி இல்லை, கொடியை விட்டால் பழுக்காது. கத்தரிப்பைத் தை கடைசிக்குத் தள்ளுங்கள். ஏறக்குறைய நாலு மாதத்தில், கச்சான் காற்று வீசும் வறட்சியில் குலை பழுக்கும். அப்புறம் வெயில்தான் தொல்லை, மேற்குப் பக்க இலைகளில் கை வைக்காதீர்கள். பிரான்ஸின் பர்கண்டியிலேயே 1988 முதல் வைன் முந்திரிகை அறுவடை, பழைய சராசரியைவிட 13 நாள் முந்திவிட்டது. சூட்டில் இனிப்பு ஏறி, புளிப்பு இறங்கிவிடும். அதனால் அங்கே பழத்தின் சர்க்கரையை அளந்துதான் பறிக்கிறார்கள். உங்களுக்குக் கருவி தேவையில்லை. குலை நுனிப் பழம்தான் கடைசியாக இனிக்கும்; அதைக் கடித்துப் பார்த்து, வெயில் ஏறுமுன் வெட்டுங்கள்.