சூடான எண்ணெய் பட்ட இடத்தில் டூத்பேஸ்ட் போடலாமா?

வேண்டாம். டூத்பேஸ்ட், இட்லி மாவு, பேனா மை, மஞ்சள், வெண்ணெய் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, பட்ட இடத்தைத் தண்ணீரில் காட்டுங்கள். 20 நிமிடம்.

என் மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, அடுப்பு மேடையில் இருந்த ரசக் கிண்ணத்தை எக்கி இழுத்துவிட்டாள். இடது முன்கை முழுக்கக் கொட்டியது. என் மாமியார் பதறிப்போய் ஃப்ரிட்ஜிலிருந்த இட்லி மாவை அள்ளி அப்பினார். குளிர்ச்சிதானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மாவு காய்ந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. நர்ஸ் அதை நனைத்து நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். ரசம் கொட்டியபோது அழுததைவிட அப்போதுதான் பிள்ளை அதிகம் கதறினாள். கையில் கிடந்த வெள்ளிக் காப்பு வீக்கத்தில் இறுகிவிட, அதை வெட்டித்தான் எடுத்தார்கள்.

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடாகவே இருக்கும் இல்லையா? தோலும் அப்படித்தான். எண்ணெயைத் துடைத்த பிறகும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை வெளியே இழுப்பதுதான் ஓடும் தண்ணீரின் வேலை. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் கையை எடுத்துவிடாதீர்கள், நிறையப் பேர் செய்யும் தவறு அது. உடனே முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. ஐஸ் வைக்காதீர்கள், அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தை இன்னும் ஆழமாக்கிவிடும். சின்னப் பிள்ளை என்றால் பட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், இல்லையென்றால் குளிரில் நடுங்கிவிடும்.

தண்ணீர் ஓடும்போதே மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். துணி தோலில் ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்க வேண்டாம். அப்புறம் சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடினால் போதும். பஞ்சு வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அதுதான் அந்த இடத்துக்கு இயற்கையான கட்டு.

காயம் பட்டவரின் உள்ளங்கையைவிடக் காயம் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலோ, குழந்தை, வயதானவர் என்றாலோ கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். மின்சாரம், ஆசிட் என்றால் சின்னதாகத் தெரிந்தாலும் போக வேண்டும். தோல் வெளுத்தோ கருகியோ இருந்து வலியே இல்லையென்றால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நரம்புவரை வெந்துபோயிருக்கலாம். உடனே 108-க்குப் போன் போடுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கேட்பார்கள்.

போன மாதம் வடை சுடும்போது என் மணிக்கட்டில் எண்ணெய் தெறித்தது. மாமியார்தான் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனார். "எடுக்காதே, இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு" என்று கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார்.