அமெரிக்காவில் பெரிய ஜாஸ் இசைக்குழுக்கள் கோலோச்சிய 1930, 40களின் ‘பிக் பேண்ட்’ காலத்துச் சிறு இசைப்படங்களில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது?

இசைத்தட்டில் பல காலமாகக் கேட்டுப் பழகிய ஒருவர் வாசிக்கும்போது எப்படி நிற்பார், எங்கே மூச்செடுப்பார், மற்றவர் வாசிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அந்தப் படங்கள்தான் எனக்குக் காட்டின. முழுநீளப் படங்களில் இசைக்குழு பெரும்பாலும் நாயகன், நாயகிக்குப் பின்னணியாகவே நிற்கும். மூன்று நிமிடமோ பத்து நிமிடமோ ஓடும் இச்சிறு படங்களில் கேமரா வாசிப்பவரை விட்டு அதிகம் நகராது.

1944இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘ஜாமின் தி புளூஸ்’ படத்தையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ‘லைஃப்’ இதழுக்காகப் படமெடுத்துவந்த புகைப்படக் கலைஞர் ஜான் மிலி இயக்கியது. தொடக்கத்தில் இருட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் மட்டுமே தெரியும். அவை என்னவென்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் மெல்லத் தலை நிமிர்த்துவார். இவ்வளவு நேரம் பார்த்தது அவருடைய தொப்பியின் மேற்புறம் என்பது அப்போதுதான் புரியும். ஒலியை முன்பே பதிவுசெய்துவிட்டு அதற்கேற்ப வாசிப்பதுபோல் நடித்த காட்சிகள்தான் என்றாலும், அந்த நிதானம் நடிப்பில் வருவதல்ல என்றே நான் நம்புகிறேன். அக்குழுவில் இருந்த ஒரே வெள்ளையரான கிட்டார் கலைஞர் பார்னி கெஸலை மட்டும் நிழலில் நிறுத்திப் படமாக்கினார்கள் என்பதை அறிந்தபின் பார்த்தால், அந்த அழகிய இருட்டுக்குள் அன்றைய நிறவெறியும் ஒளிந்திருப்பது தெரிந்து மனம் கனக்கும்.

‘சவுண்டீஸ்’ எனப்பட்ட மூன்று நிமிடப் படங்கள் வேறு வகை. 1940 முதல் சில ஆண்டுகள், மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் இருந்த ‘பனோரம்’ என்ற, திரையுள்ள படப்பெட்டியில் பத்து சென்ட் நாணயம் போட்டால் ஒரு பாட்டு ஓடும். ஒரே சுருளில் எட்டுப் படங்கள் தொடர்ச்சியாக இருந்ததால், விரும்பிய பாட்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை; அடுத்து எது வருகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் கண்ணாடிகளில் பட்டுத் திரைக்கு வரும் என்பதால் படத்தை இடவலம் மாற்றியே அச்சிட்டார்கள். அப்படிப்பட்ட பிரதியைச் சாதாரணப் புரொஜெக்டரில் ஓட்டினால், டிரம்பெட் கலைஞர் இடக்கையால் வாசிப்பதுபோல் தோன்றும்.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள்: ஜாஸ் இசையமைப்பாளரும் இசைக்குழுத் தலைவருமான டியூக் எலிங்டனின் இசையில் 1935இல் வந்த ‘சிம்ஃபனி இன் பிளாக்’. அதில் காதலன் தள்ளிவிட்டுப் போக, விழுந்த இடத்திலிருந்தே ஓர் இளம்பெண் பாடத் தொடங்குவார். பிற்காலத்து நைந்த குரலில் நாம் அறிந்திருக்கும் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேதான் அவர். படமெடுத்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை.