பழைய போர்ஷே 911: தினமும் ஓட்டத் தாங்குமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அலுவலகம் ஒரு வழி 24 கி.மீ. பாதி தூரம் விரைவுச் சாலை, மீதி நெரிசல். பல ஆண்டுகளாகச் சேமித்த பணத்தில் ஒரு 911 கரேரா எஸ் வாங்கித் தினமும் ஓட்ட ஆசைப்படுகிறேன். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு கார்கள் கிடைக்கின்றன. ஒன்று 2006 மாடல், மேனுவல் கியர், 41,000 கி.மீ. மட்டுமே ஓடியது, நான்கு பேர் கை மாறியிருக்கிறது. மற்றொன்று 2010 மாடல், பி.டி.கே. தானியங்கி கியர், 1,12,000 கி.மீ. ஓடியது, ஒரே உரிமையாளர், எல்லா சர்வீஸ் ரசீதுகளும் இருக்கின்றன. குறைவாக ஓடியதை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்? இப்படிப்பட்ட காரை அன்றாடம் ஓட்டினால் தாங்குமா?"

தாங்கும். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் 2010 காரைத்தான் சோதனைக்கு அனுப்புவேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் இவ்வளவு பயம். ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமானால் என்ஜினையே வெளியே இறக்க வேண்டும். அதைத் தினமும் ஓட்டுவது வேறு விஷயம். 911 தொடக்கத்திலிருந்தே பின்னால் இரண்டு சிறு இருக்கைகளும் முன்னால் பெட்டி வைக்க இடமும் கொண்ட, ஊரைச் சுற்ற வசதியான கார். நீங்கள் பார்க்கும் இரண்டும் 997 என்ற தலைமுறையைச் சேர்ந்தவை. இவற்றில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் எல்லாம் என்ஜினை இறக்காமலே செய்யும் வேலைகள்.

இந்த வகைக் காரைத் தினசரி ஓட்டம் கெடுப்பதில்லை. நிறுத்தி வைப்பதும், சூடேறாத என்ஜினை விரட்டுவதும், செய்ய வேண்டிய சர்வீஸைத் தள்ளிப்போடுவதும்தான் கெடுக்கின்றன. 2006 காரின் 41,000 கி.மீ. என்ற எண்ணை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அதன் வயதுக்கு வகுத்தால் ஆண்டுக்குச் சில ஆயிரம் கி.மீ. கூட வராது. வாரக்கணக்கில் நின்றிருக்கிறது, எப்போதாவது எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். ரப்பர் புஷ், குழாய்கள், ஆயில் சீல், ஷாக் அப்சார்பர், பிரேக் ஆயில் ஆகியவை கிலோமீட்டர் கணக்கில் மட்டும் வயதாவதில்லை, காலக் கணக்கிலும் வயதாகின்றன. தினமும் ஓட்டத் தொடங்கிய சில மாதங்களில் இவை ஒவ்வொன்றாகக் கை கொடுக்காமல் போகும். அதுவரை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். 'ஓடவே இல்லையே' என்று விட்டிருப்பார்கள்.

அதைவிட முக்கியமானது என்ஜின். 997 வரிசை 2004-இல் வந்தது. 2008-இல் அதன் என்ஜின் முழுவதும் புதிதாக வடிவமைக்கப்பட்டது. 2006 காரில் இருப்பது பழைய என்ஜின். அதன் உள்ளே இடைத்தண்டு ஒன்று சுழல்கிறது. அதைத் தாங்கும் பேரிங் உடைந்து என்ஜின் முழுவதும் பாழான கதைகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பயத்தில் பாதி, முந்தைய ஆண்டுகளின் சிறிய பேரிங்கைப் பற்றியது. 2006 வாக்கில் பெரிய, வலுவான பேரிங் வந்துவிட்டது. அது தோற்பது மிக அரிது. ஆனால் என்ஜினைப் பிரிக்காமல் அதை மாற்றவும் முடியாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது சிலிண்டர் சுவர். இந்த 3.8 லிட்டர் என்ஜினில் பிஸ்டனின் மேற்பூச்சு தேய்ந்து, சிலிண்டர் சுவரில் கீறல் விழும் நோய் நன்கு அறியப்பட்டது. குளிர்ந்த என்ஜினை விரட்டுவதும், ஆயிலை நெடுங்காலம் மாற்றாமல் விடுவதும் அதை வளர்க்கும். அறிகுறிகள் மூன்று: சூடான பின் 'டிக் டிக்' என்று ஒரு பக்கத்திலிருந்து வரும் ஓசை, ஒரு புகைக்குழாயில் மட்டும் அதிகமாகப் படியும் கரி, என்ஜின் சட்டென்று அதிகமாகக் குடிக்கத் தொடங்கும் ஆயில். முற்றிவிட்டால் என்ஜினைப் பிரித்துச் சிலிண்டர்களைச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவு காரின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

2010 காரின் என்ஜினில் அந்த இடைத்தண்டே கிடையாது. நேரடி எரிபொருள் பாய்ச்சல் கொண்ட 385 குதிரைத்திறன் என்ஜின் அது. சிலிண்டர் கீறல் அதில் அரிது. குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். உயரழுத்த எரிபொருள் பம்ப் தளர்ந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக வழக்கத்தைவிட நீண்ட நேரம் எடுக்கும். பி.டி.கே. கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் சென்சார் பழுதானால், ஒரு காலத்தில் முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்வார்கள்; இப்போது அதைப் பிரித்துச் சரிசெய்யும் தனிப் பட்டறைகள் உள்ளன. இவை பணச்செலவு வைப்பவைதான். ஆனாலும் காரையே முடக்கும் செலவுகள் அல்ல.

இனி சோதனை. முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த வகை என்ஜினில் பழகிய, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு பட்டறைக்குக் காரைக் கொண்டுபோங்கள். அங்கே கேட்க வேண்டிய முதல் விஷயம், என்ஜின் கணினியில் பதிந்திருக்கும் தகவல். பெரும்பாலான வாங்குபவர்கள் இதைக் கேட்பதே இல்லை. 997-இன் கணினி, என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எண்ணி வைத்திருக்கிறது. ஓடோமீட்டர் காட்டும் தூரத்தை அந்த மணிகளால் வகுத்துப் பாருங்கள். 41,000 கி.மீ. காரில் 1,000 மணி இருந்தால் சராசரி வேகம் மணிக்கு 41 கி.மீ.; நம்பத் தகுந்த கணக்கு. அதே காரில் 2,600 மணி இருந்தால் சராசரி 16-க்கும் கீழே வரும். ஒன்று ஓடோமீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். அல்லது வாழ்நாள் முழுவதும் அந்த என்ஜின் நெரிசலில் நின்றே உறுமியிருக்கிறது. இரண்டுமே விலகிச் செல்லப் போதுமான காரணம்.

அதே கணினி, என்ஜின் தனக்கு அனுமதித்த சுழற்சி வேகத்தை மீறிய தருணங்களையும் ஆறு படிகளாகப் பதிவு செய்கிறது. கடைசியாக மீறியது எத்தனையாவது மணியில் என்பதும் அதில் இருக்கும். கீழ்ப் படிகளில் பதிவு இருப்பது இயல்பு. ஸ்போர்ட்ஸ் காரை வேகமாக ஓட்டத்தான் செய்வார்கள். மேல் படிகள் வேறு கதை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அந்த வேகத்தை எட்ட முடியாது, எரிபொருளைக் கணினி நிறுத்திவிடும். மேனுவல் காரில் அதிவேகத்தில் ஐந்தாவதற்குப் போவதாக நினைத்து மூன்றாவதில் போட்டால்தான் அப்படி நடக்கும். வால்வும் கனெக்டிங் ராடும் அந்த ஒரு நொடியில் அடிபட்டிருக்கலாம். பி.டி.கே. அப்படிப்பட்ட கியர் மாற்றத்தை ஏற்காது என்பதால், 2010 காரில் மேல் படிகள் காலியாக இருக்க வேண்டும்.

கணினிக்குப் பிறகு, பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு கசிகிறது என்ற அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். 2006 காரைத்தான் எடுப்பேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கவே வேண்டாம். கீறல் பெரும்பாலும் சுவரின் கீழ்ப்பகுதியில் விழும். மேலிருந்து மட்டும் எட்டிப் பார்த்தால் தப்பிவிடும். ஆயில் தொட்டியைக் கழற்றி அடியிலிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள். நேரமும் கூலியும் கூடும்தான். கூடட்டும்.

வாங்கிய பிறகு உங்கள் 24 கி.மீ. பயணம் ஒரு வரம். ஏன் என்றால், டாஷ்போர்டில் கூலன்ட் முள் சில நிமிடங்களில் தன் இடத்துக்கு வந்துவிடும். ஆயில் அப்போதும் குளிர்ந்தே இருக்கும். இந்த என்ஜின்களில் ஏழெட்டு லிட்டர் ஆயில் இருக்கிறது, சாதாரணக் காரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அது முழுதாகச் சூடேறப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட வேண்டும். கரேரா எஸ்-இல் ஆயிலுக்கென்றே தனி வெப்பமானி இருக்கிறது. அது 80 டிகிரியைத் தாண்டும்வரை 3,000 ஆர்.பி.எம்.-க்கு மேல் போகாதீர்கள். நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றவும் வேண்டாம். ஸ்டார்ட் செய்து, அரை நிமிடத்தில் மெதுவாகக் கிளம்புவதே நல்லது. ஐந்து கி.மீ. தொலைவில் அலுவலகம் என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். குறுகிய பயணத்தில் ஆயிலில் கலக்கும் நீரும் எரிபொருளும் ஆவியாக வாய்ப்பே இருக்காது; ஆயில் அமிலத்தன்மை அடைந்து பேரிங்குகளை அரிக்கும். உங்கள் தூரத்தில் அவை தினமும் வெளியேறிவிடும். ஆயினும் ஆயில் மாற்றத்துக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் நீண்ட இடைவெளியை நான் பின்பற்றுவதில்லை. 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதில் மாற்றிவிடுங்கள்.

நெரிசலில் பி.டி.கே.-ஐ ஓட்டுவதற்கு ஒரு பழக்கம் தேவை. அதன் உள்ளே இருப்பது ஆயிலில் மூழ்கிய இரட்டைக் கிளட்ச். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் உள்ள டார்க் கன்வெர்ட்டர் அல்ல. முன்னால் உள்ள வண்டியோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே வழுக்கிச் சூடாகும். கொஞ்சம் இடைவெளி விட்டு நில்லுங்கள். இடம் திறந்ததும் முழுதாக நகருங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் காரை நிறுத்திப் பிடிப்பதை அறவே விடுங்கள், பிரேக்கை மிதியுங்கள். இந்தக் கியர்பாக்ஸில் கிளட்ச்சுக்கு ஓர் ஆயிலும் கியர்களுக்கு வேறோர் ஆயிலும் தனித்தனியே இருக்கின்றன. கிளட்ச் ஆயில் மாற்றிய ரசீது அந்த 1,12,000 கி.மீ. வரலாற்றில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றுங்கள்.

தொடர்ச் செலவில் டயர் முதலிடம். பின்பக்கம் 295 மி.மீ. அகலம், முன்பக்கம் 235. அளவு வேறு என்பதால் முன்னதைப் பின்னுக்கு மாற்றித் தேய்மானத்தைப் பங்கிடவும் வழியில்லை. பின்டயர்கள் 15,000 முதல் 20,000 கி.மீ. வரை வந்தால் நல்ல கணக்கு. உட்புற ஓரம் முதலில் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் புதிதாகவே தெரியும், கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். டயர் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரான வாரமும் ஆண்டும்: 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம். ஆறு வயதைக் கடந்த டயரில் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இந்த வேகத்துக்கு நம்பாதீர்கள்.

பிரேக் இரும்பு டிஸ்க்கா, கார்பன் செராமிக்கா என்று கேளுங்கள். போர்ஷேவில் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் மஞ்சள் நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் செராமிக். தினசரி ஓட்டத்தில் அது மிக நீண்ட காலம் வரும். ஆனால் சக்கரத்தைக் கழற்றும்போது ஓரத்தில் தட்டிவிட்டால் ஒரு டிஸ்க்கின் விலையே திகைக்க வைக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கு இரும்பு டிஸ்க்கே என் விருப்பம்.

முன் பம்பரின் இரு மூலைகளிலும் ரேடியேட்டர்களும் ஏசி கண்டென்சர்களும் இருக்கின்றன. காற்று நுழையும் திறப்பில் காய்ந்த இலைகள் சேர்ந்து, ஈரத்தில் ஊறி, அலுமினியத்தை அரித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இவ்வளவு மலிவாகத் தவிர்க்கக்கூடிய இவ்வளவு பெரிய செலவு இந்தக் காரில் வேறில்லை.

காரின் விலை எவ்வளவு இறங்கினாலும் உதிரிப் பாகங்களின் விலை புதுக் காருக்கு உரியதாகவே இருக்கிறது. ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். முதல் ஆண்டிலேயே அதில் பாதி செலவாகலாம். நகரத்தில் 100 கி.மீ.க்கு ஏறத்தாழ 15 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். உயர் ஆக்டேன் பெட்ரோலே போடுங்கள். காப்பீட்டில் 'அலுவலகப் பயணம்' என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். வார இறுதிக் கார் என்று எழுதிக் குறைந்த கட்டணம் கட்டினால் இழப்பீடு கேட்கும் நாளில் சிக்கல் வரும். பாகம் வர இரண்டு வாரம் ஆனால் எதில் போவீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காரைப் பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் புகைக்குழாயின் அருகே கையை மெல்லக் கொண்டுபோய் வெப்பம் வீசுகிறதா என்று பாருங்கள். வீசினால், வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவனியுங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, என்ஜினை அணைக்காமல் பின்பக்கம் நின்று இரு பக்க ஓசையையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். 2010 கார் இதிலும் பட்டறைச் சோதனையிலும் தேறாவிட்டால், 2006 காருக்குத் தாவ வேண்டாம். புதிய என்ஜினோடு 2012 வரை இந்தக் கார் தயாரானது. அவற்றில் இன்னொன்று கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.